குலவைக்கு ஏது காப்பிரைட்?

போன மாதம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். அரிமளத்துக்குப் பக்கத்தில் ஒரு குலதெய்வக் கோயில். கோயிலை ஒட்டிப் பெரிய பந்தல், பின்பக்கம் கறி வேகிற வாசனை, வாசலில் சந்தனம், கற்கண்டு... எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்றுதான் இல்லை.

பைக்கில் வந்த பெரியவர் ஒருவர் பந்தலின் பின்பக்கமாக வண்டியை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும்தான் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"யாருங்க தவறுனது?"

நான் பதறிப்போய், "ஐயையோ, காதுகுத்துங்க! நல்ல காரியம்!" என்றேன்.

"அப்பறம் ஏன் பாட்டுச் சத்தத்தையே காணோம்?"

நியாயமான கேள்விதானே? நம் பக்கத்தில் விசேஷ வீட்டுக்கு யாராவது பத்திரிகையைப் பார்த்து வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறார்களா? பஸ்ஸை விட்டு இறங்கி, எந்தப் பக்கம் ஸ்பீக்கர் அலறுகிறதோ அந்தப் பக்கம் நடப்பதுதான் வழக்கம். அன்றைக்கு மரத்துக்கு மரம் ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தது. ஆனால் ஒரு குழாயிலிருந்தும் ஒரு சினிமாப் பாட்டும் வரவில்லை, நாயனமும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

காரணம், என் நாத்தனார் சிவகாமி.

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகாமி என் கணவரின் தங்கை. அரிமளத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் முருகேசன், மைக்செட் வைத்திருக்கிறார். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவர் குழாய்தான். சிவகாமி நான்கு வருஷமாக லைவ் போடுகிறாள். ஊரில் நடக்கிற விசேஷத்தை கேமராவில் பிடித்து நேரடியாக நெட்டில் விடுவது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் துபாயிலும் இருக்கிற நம் ஆட்கள் அங்கிருந்தே பார்த்து, இங்கே யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்பதுவரை கமெண்ட் போடுவார்கள்.

ஒரே பந்தலில் புருஷன் மைக்செட், பெண்டாட்டி கேமரா. கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! அங்கேதான் வந்தது வினை.

புருஷன் போடுகிற பாட்டு பெண்டாட்டியின் கேமராவுக்குள் போய் ஏறியது. பாட்டுக்குச் சொந்தக்கார கம்பெனி சும்மா இருக்குமா? நோட்டீஸ் விட்டது. வீடியோ தளம் சிவகாமியின் சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது ஒரு தண்டனைப் புள்ளி, கொடுத்தது. அடுத்த மாதமே இன்னொன்று. குறிப்பிட்ட காலத்துக்குள் மூன்றாவதும் வந்தால் சேனலே காலி. இதுவரை ஏற்றிய அத்தனை வீடியோவும் அதோடு போய்விடும்.

"ஒரு வீட்டுக்குள்ளயே எனக்கு எதிரி இருக்காரு அண்ணி" என்று போனில் அழுதாள்.

எதிரி பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். "பாட்டுன்னா எல்லாருக்கும் பொதுதானே தங்கச்சி? காத்துல வார சத்தத்துக்கு எவன் பட்டா வாங்கி வச்சிருக்கான்?" என்று அவர் கத்துவது எனக்குக் கேட்டது.

சிவகாமியும் சும்மா இல்லை. ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே, 'இந்தப் பாடல்கள் எங்களுக்குச் சொந்தமானவை அல்ல, யாருடைய உரிமையையும் மீறும் எண்ணம் இல்லை' என்று எழுதி வைத்திருந்தாள். யாரோ சொன்னார்களாம், இப்படிப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று. அடுத்த வீட்டு வாழைத்தாரை வெட்டிக்கொண்டு போகும்போதே, 'இது என் தோட்டத்துத் தார் இல்லை' என்று சீட்டு எழுதி ஒட்டினால் விட்டுவிடுவார்களா? அந்த வரி அவளைக் காப்பாற்றவில்லை. காட்டித்தான் கொடுத்தது.

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த வக்கீலம்மா ஒருவரிடம் கேட்டேன். நம் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்று சில விலக்குகள் உண்டாம். விமர்சனம் செய்யலாம், பாடம் நடத்தலாம். அதுபோல சாமி காரியத்திலும் கல்யாணத்திலும் பாட்டுப் போட்டால் குற்றமில்லை என்றும் இருக்கிறதாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"அப்பறம் என்னங்க? காதுகுத்து குலதெய்வக் கோயில்லதானே நடக்குது!"

"பந்தலுக்குள்ள போட்டா அது செல்லும்னு சொல்லலாம். அதையே நெட்ல ஏத்தினா? அதுல நாங்களே ரெண்டு கட்சி" என்று சிரித்தார் அவர்.

சரி, இதில் வீடியோ தளத்துக்குப் பொறுப்பே கிடையாதா? ஏற்றுகிறவன் செய்கிற தப்புக்கு அவர்களைப் பிடிக்க முடியாதா? அதற்கும் விளக்கம் சொன்னார். கல்யாண மண்டபக்காரர் மாதிரிதானாம் அவர்களும். மண்டபத்துக்குள் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் அடித்துக்கொண்டால் மண்டபக்காரர் பொறுப்பில்லை. ஆனால் புகார் வந்த பிறகும் வேடிக்கை பார்த்தால் அவர் கழுத்துக்கும் கத்தி வரும். அதனால் புகார் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே விளக்கை அணைத்துவிட்டு, "எல்லாரும் வெளிய போங்க, அப்பறம் பேசிக்கலாம்" என்கிறார்கள். உள்ளே பந்தியில் உட்கார்ந்திருப்பவன் பாதிச் சோற்றோடு எழுந்து வர வேண்டியதுதான்.

"பேசாம பழைய சேனலை விட்டுட்டுப் புதுசா ஒண்ணு ஆரம்பியேன்" என்று சிவகாமியிடம் சொன்னேன்.

அவள் எனக்கு ஒரு மெசேஜை அனுப்பினாள். மலேசியாவிலிருந்து ஒரு பெண் எழுதியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிவகாமி லைவ் போட்ட ஒரு கல்யாணத்தில் அந்தப் பெண்ணின் அப்பா பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டு போகிறார். கேமராவைப் பார்த்து, "என்னத்தா, சாப்ட்டியா?" என்று மகளிடம் கேட்கிறார். அப்பா இப்போது இல்லை. 'அக்கா, இந்த வீடியோவை மட்டும் எடுத்துடாதீங்க, ப்ளீஸ்' என்று எழுதியிருந்தாள். சிவகாமியிடம் வேறு பிரதி கிடையாது. மெமரி கார்டில் அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் புதுச் சேனல் பேச்சை எடுக்கவில்லை.

இப்படியிருக்கும்போது வந்ததுதான் அந்தக் காதுகுத்து. குழந்தை பெயர் யாழினி. தாய்மாமன் செந்தில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? பெரியப்பா மகன் ஒருவனுக்கு செந்தில் தன் சட்டையையே பார்சலில் அனுப்பிவிட்டான். அதைப் போட்டுக்கொண்டு அவன் உட்கார வேண்டும், அவன் மடியில் குழந்தை உட்கார வேண்டும். அதை செந்திலும் அவனோடு தங்கியிருக்கிற நம் ஊர்ப் பையன்களும் ஹாலில் பெரிய டிவியில் லைவாகப் பார்க்க வேண்டும்.

"வீடியோ கால் போட்டா மொகம் மட்டுந்தாங்க்கா தெரியும். நான் வாங்கிக் குடுத்த சீர் பூரா தெரியணும்" என்று சிவகாமியிடம் சொல்லிவிட்டான். பாசமும் உண்டு, கொஞ்சம் பந்தாவும் உண்டு. மாமன் என்றால் அப்படித்தானே?

சிவகாமி புருஷனுக்கு உத்தரவு போட்டாள். கேமரா ஓடுகிற வரைக்கும் ஒரு சினிமாப் பாட்டும் கூடாது. நாயனமும் தவிலும் மட்டும்.

முருகேசன் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "பாட்டுப் போடாம எதுக்குங்க தங்கச்சி கொழாய் கட்டணும்? காக்கா உக்காரவா?" என்று என்னிடம் முறையிட்டார். வாய் முணுமுணுத்தாலும் கை குழாயைக் கட்டிவிட்டது.

காலையில் லைவ் ஆரம்பித்தது. நான் லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்து கமெண்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாயனக்காரர் கோவிந்தன் அற்புதமாக வாசித்தார். நூறு வருஷத்துக்கும் மேல் பழசான ஒரு கீர்த்தனை. குழந்தைக்கு முடி இறக்கியாயிற்று. குளிப்பாட்டி, சந்தனம் தடவி, செந்தில் சட்டை போட்ட பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்தார்கள். ஊர் எல்லையிலிருந்து சீர் கிளம்பிவிட்டது.

அப்போது பார்த்துத் திரையில் ஒரு எச்சரிக்கை. 'உங்கள் ஒளிபரப்பில் வேறொருவருக்கு உரிமையுள்ள இசை உள்ளது. உடனே நிறுத்தாவிட்டால் ஒளிபரப்பு துண்டிக்கப்படும்.'

எந்த இசை? யாருடைய உரிமை? அந்தக் கீர்த்தனையை எப்போதோ யாரோ நாயனத்தில் வாசித்து, ஏதோ ஒரு கம்பெனி வெளியிட்டிருக்கிறது. தளத்தில் காது கொடுத்துக் கேட்பது மனிதன் இல்லையே, மெஷின். அதற்கு நாயனம் என்றால் நாயனம், ராகம் என்றால் ராகம். அந்தக் கம்பெனி சரக்குதான் இது என்று முடிவு கட்டிவிட்டது.

"சிவகாமி! நாயனத்தை நிறுத்து!" என்று கத்தினேன். அவள் கேமராவை விட்டுவிட்டு ஓடினாள். கோவிந்தன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, அபசுரம் ஏதும் விழுந்துருச்சா?"

"இல்லங்கய்யா... நீங்க வாசிக்கிறது வேற ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். லைவை வெட்டப்போறேங்கிறான்."

"என்னது?" அவருக்குக் கோபத்தில் சிரிப்பே வந்துவிட்டது. "குடுமியான்மலைப் பாறையில சங்கீதத்தை வெட்டி வச்ச ராசா எந்திரிச்சு வந்து கேட்டா, சரி, அவரு கேக்கலாம். இவன் யாரும்மா? பாட்டு பெரியவுக குடுத்தது. ஊதுற மூச்சு என்னுது!"

பேச நேரமில்லை. நாயனத்தோடு தவிலும் நின்று, பந்தல் சட்டென்று அமைதியாகிவிட்டது. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். காது குத்தும்போது மேளச் சத்தம் இல்லாமல், குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்கலாமா? யாழினியின் அம்மா கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. 'என்னாச்சு? சவுண்ட் போச்சா?' என்று சிங்கப்பூரிலிருந்து செந்தில் வரிசையாக கமெண்ட் போடுகிறான்.

அப்போது குழாயிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வருது வருது வருது... மாமன் சீரு வருது! ஓரம் போ, ஓரம் போ!"

முருகேசன் அண்ணன்! மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறார். தை, மாசி வந்தால் மஞ்சுவிரட்டுத் திடலில் மைக்செட் கட்டிவிட்டு, நாள் பூராவும் கமெண்ட்ரி கேட்டுக் கேட்டு ஊறிப்போன மனுஷன். வாடிவாசல் திறந்த மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"மொதல்ல வருது பித்தளை அண்டா... செந்திலோட அண்டா! பின்னாடியே பழத்தட்டு... பழத்தட்டைப் பாரு, தட்டைப் பாரு, தூக்கி வார அக்காவைப் பாக்காத! அடுத்து வருது கெடா! தொட்டுப் பாக்கலாம், புடிக்கக் கூடாது! அது பந்திக்கு வந்த கெடா இல்ல, சாமிக்கு வந்த கெடா!"

பந்தல் குலுங்கியது. சிவகாமி ஓடிவந்து கேமராவைப் பிடித்துக்கொண்டாள். ஆசாரி கை குழந்தையின் காதுக்குப் போனது.

"ஆசாரி எறங்கிட்டாரு! எடது காது... எடது காது... மருமக மொறைக்குது... மருமக மொறைக்குது... ஏய், அழுகல! அழுகவே இல்லப்பா! சிங்கப்பூர் மருமகளுக்கு ஒரு சைக்கிள்... ஆ, அழுதுருச்சு! தாய்மாருக என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போடுங்க கொலவையை!"

அவ்வளவுதான். பந்தலில் இருந்த அத்தனை பெண்களும் குலவை போட்டார்கள். நானும் போட்டேன். யாழினியின் அழுகையும் கேட்கவில்லை, ஆசாரி வெற்றிலை கேட்டதும் யார் காதிலும் விழவில்லை. அப்படி ஒரு குலவை.

லேப்டாப்பைப் பார்த்தேன். எச்சரிக்கை போய்விட்டது. மெஷின் தன் பெட்டியில் இருக்கிற சரக்கையெல்லாம் புரட்டிப் பார்த்திருக்கும். எந்தக் கம்பெனி குலவைக்கு உரிமை வாங்கி வைத்திருக்கிறது? 'அழுதுட்டேன் அக்கா' என்று செந்தில் போட்ட கமெண்ட்டுக்குக் கீழே அவன் அறை நண்பன் ஒருவன், 'உண்மைதான், டவலை நனைச்சுட்டான்' என்று சாட்சி சொல்லியிருந்தான்.

கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்தோம். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பார்த்தால், பதிவான வீடியோவில் நாயனம் வருகிற இடம் மட்டும் ஊமை. கம்பெனி உரிமை கோரியிருந்தது. இப்படியே விட்டுவிட்டால் ஸ்ட்ரைக் கிடையாது. மறுப்புத் தெரிவிக்கலாம். ஆனால் கம்பெனி பிடிவாதமாக நின்று வீடியோவை எடுக்கச் சொல்லிவிட்டால், அதுதான் மூன்றாவது ஸ்ட்ரைக்.

"விட்டுரு சிவகாமி. அதான் காதுகுத்து நல்லா பதிவாயிருக்குல்ல?" என்றேன். வருஷக்கணக்காக அநியாயத்தைத் தட்டிக் கேட்கச் சொல்லி இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறவள் சொன்ன யோசனை அது! என்ன செய்ய? எனக்கு அந்தப் பாயசம் ஊற்றுகிற அப்பாதான் கண்ணுக்குள் நின்றார்.

சிவகாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"கோவிந்தய்யா காலைல போன் பண்ணாரு அண்ணி. 'என் நாயனத்தை ஊமையாக்கிட்டாங்களாம்மா'ன்னு கேட்டாரு. இப்ப விட்டுட்டா, அவரு ஊதுனது அவருதில்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? எழுதுங்க அண்ணி. வாரது வரட்டும்."

வக்கீலம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். இயற்றியவர் இறந்து அறுபது வருஷம் தாண்டிவிட்டால் பாட்டு பொதுச்சொத்து என்பது நம் நாட்டுச் சட்டம். இந்தக் கீர்த்தனையை இயற்றியவரோ காலமாகி அதைவிட வெகு காலம் ஆகிவிட்டது. கம்பெனிக்குச் சொந்தம் அவர்கள் பதிவு செய்த ஒலி மட்டும்தான், கீர்த்தனை இல்லை. வீடியோவில் கேட்பது எங்கள் ஊர்க் கோவிந்தன் நேரில் வாசித்தது. வேண்டுமானால் வீடியோவில் அவர் கன்னம் உப்புவதைப் பாருங்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். வக்கீலம்மா அந்த வரியை அடிக்கச் சொன்னார். நான் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சிவகாமி பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. போன் சிணுங்கினாலே எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள். கேமராவைத் தொடவில்லை. முருகேசன் அண்ணன்கூட வீட்டில் ரேடியோ வைக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் பதில் வந்துவிட்டது. கம்பெனி உரிமை கோரலை விலக்கிக்கொண்டது. கன்னத்தைப் பார்த்தார்களோ என்னவோ! நாயனம் திரும்ப ஒலித்தது. சிவகாமி முதல் போன் கோவிந்தனுக்குப் போட்டாள். அடுத்த மெசேஜ் மலேசியாவுக்கு. 'உங்க அப்பா பத்திரமா இருக்காரும்மா' என்று எழுதினாளாம்.

இங்கேயே நான் முடித்திருப்பேன். ஆனால் முந்தாநாள் காலை, முருகேசன் அண்ணன் புதுக்கோட்டைக்கே பஸ் ஏறி வந்து என் வீட்டு வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"பாருங்க தங்கச்சி இந்த அக்கிரமத்தை!"

போனை நீட்டினார். யாரோ ஒரு நகைச்சுவைப் பக்கக்காரன் அவருடைய காதுகுத்துக் கமெண்ட்ரியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருக்கிறான். உலகம் பூராவும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை.

"என் கொரலுங்க அது! ஒரு வார்த்தை கேக்க வேணாமா? ஒரு பேராவது போட வேணாமா? இவனுக்கு நோட்டீஸ் விடணும். எழுதுங்க!"

எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏண்ணே, காத்துல வார சத்தத்துக்கு எவன் பட்டா வாங்கி வச்சிருக்கான்?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். நான் விடவில்லை. "அதுவும் 'வருது வருது, தொட்டுப் பாக்கலாம்'ங்கிறதெல்லாம் மாட்டுத் திடல்ல காலங்காலமா பேசுறதுதானே? ஒங்க சொந்தச் சரக்கா?"

"பேச்சு ஊரோடது" என்றார் முருகேசன் அண்ணன், கோவிந்தனே வந்து நின்ற மாதிரி. "மூச்சு என்னுதுங்க."

வக்கீலம்மா எனக்குப் பல நாள் பாடம் நடத்திப் புரிய வைத்ததை, மனுஷன் தன் பொருள் திருட்டுப் போனதும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்! காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே, "பாட்டுக் கட்டுனவுகளுக்கும் இப்புடித்தானே வயிறு எரிஞ்சிருக்கும்" என்று தானாகவே சொன்னார்.

நோட்டீஸ் எதுவும் விடவில்லை. அந்தப் பக்கக்காரனுக்கு மரியாதையாக ஒரு மெசேஜ் அனுப்பினோம். நல்ல பையன், மன்னிப்புக் கேட்டு, ஊரும் பேரும் போட்டுவிட்டான். அதைப் பார்த்துவிட்டு இப்போது திருமயம் வரைக்கும் முருகேசன் அண்ணனுக்கு அழைப்பு வருகிறது. பாட்டே வேண்டாமாம், அவர் வந்து பேசினால் போதுமாம்.

சேனல் தப்பியது, நாயனம் பிழைத்தது, வீட்டுக்குள் இருந்த எதிரியும் கட்சி மாறிவிட்டார். சிவகாமிக்கு இனி என்ன குறை என்று நேற்று போன் போட்டுக் கேட்டேன். பின்னால் முருகேசன் அண்ணன் இட்லிச் சட்டி இறங்குவதற்குக் கமெண்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாட்டா இருந்தா சுவிட்சை அமத்திரலாம் அண்ணி... இவரை எங்கிட்டுப் போய் அமத்துறது?"